பதினோராவது பொருத்தம்

அத்தியாயம் 6

சிதம்பரம் கீழ வீதியில் ‘ஸ்ரீ நடனம் கணினி ஜாதக மையம்’ என்ற பலகைக்குக் கீழே, சின்ன எழுத்தில், ‘பிழை ஏற்படின் கம்ப்யூட்டரே பொறுப்பு’ என்று எழுதியிருந்தது. சாமிக்கண்ணு அதை இரண்டு முறை படித்தான். நாட்டில் எவனும் எதற்கும் பொறுப்பு ஏற்காத காலத்தில் ஒரு பெட்டியாவது முன்வந்திருக்கிறதே என்று அவனுக்கு ஆறுதலாக இருந்தது.

2008ஆம் வருஷம், ஆயுத பூஜை முடிந்து வந்த சனிக்கிழமை. புரட்டாசி வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவன் முதலாளி திலகவதி செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் போய்விட்டாள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறவள். நாற்பது வயது, மூக்குக்கண்ணாடி, தோளில் ஒரு துணிப்பை. பார்க்கிறவர்கள் ரேஷன் கார்டில் பெயர் திருத்த வந்த அம்மாள் என்றுதான் நினைப்பார்கள். சாமிக்கண்ணு அவளுடைய ஒரே உதவியாளன். அதற்கு முன் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். நன்றாக இருக்கிறவர்களிடமெல்லாம் போய் ‘நீங்க செத்துட்டா வீட்ல என்ன பண்ணுவாங்க’ என்று கேட்டுக் கேட்டு, ஊரில் டீ குடிக்கக்கூட ஆள் கூப்பிடாத நிலைமைக்கு வந்தவன்.

வழக்கு இதுதான். கடலூர் முதுநகரில் ஐஸ் ஃபேக்டரி வைத்திருக்கும் ராமாமிர்தம் தன் ஒரே மகன் அரவிந்தனுக்குக் கிள்ளைப் பக்கத்து மீனவக் குடும்பம் ஒன்றில் பெண் பேசி முடித்தார். பெண் பெயர் தமிழ்ச்செல்வி. இந்த ஜாதக மையத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். பொருத்தமும் இங்கேதான் பார்த்தார்கள், பத்துக்குப் பத்து. ஐப்பசியில் கல்யாணம், பத்திரிகை அடித்தாகிவிட்டது. நேற்றுக் காலை ஐஸ் ஃபேக்டரி கேட்டில் பெயர் இல்லாத ஒரு கவர் செருகியிருந்தது. உள்ளே இதே மையத்தின் தாளில் இதே தமிழ்ச்செல்வியின் ஜாதகம். ஆனால் எட்டில் செவ்வாய், பொருத்தம் பத்துக்கு இரண்டு, மாமனார் உயிருக்கு ஆகாது என்று கடைசியில் கொட்டை எழுத்து.

ராமாமிர்தம் அலறிவிட்டார். மாமியாருக்கு ஆகாது என்று போட்டிருந்தால் மனிதர் கொஞ்சம் நிதானமாக யோசித்திருப்பார் என்பது சாமிக்கண்ணுவின் கருத்து. ஜாதகம் அடிக்கிற பெண் தனக்கு வசதியாக ஒன்றை அடித்துக் கொடுத்துவிட்டாள், நிஜ ஜாதகம் இப்போது வெளியே வந்துவிட்டது என்று அவர் அன்றைக்கே ஊரெல்லாம் சொல்லிவிட்டார். சரிபார்க்கவும் வழியில்லை. தமிழ்ச்செல்வி வீட்டில் பிறந்தவள். கட்டுமரம் கரையேறின நேரம் என்பதுதான் அவள் அம்மா தைலம்மாளுக்குத் தெரிந்த பிறந்த நேரம், அதைக் கடிகாரக் கணக்காக மாற்றித் தந்ததும் இந்தக் கம்ப்யூட்டர் மையம்தான். மகன் அரவிந்தன் மட்டும், எதுவானாலும் விசாரித்துவிட்டு முடிவு பண்ணலாம் என்று அப்பாவைத் தடுத்தான். அதனால்தான் கேஸ் திலகவதியிடம் வந்தது. சாயங்காலம் இரண்டு குடும்பமும் இங்கே கூடும். எந்தத் தாள் நிஜம் என்று அதற்குள் சொல்லியாக வேண்டும்.

வரும் வழியில் கிள்ளைக்குப் போய்ப் பெண்ணையும் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். தமிழ்ச்செல்வி அழவில்லை. கண் மட்டும் வீங்கியிருந்தது.

"கல்யாணம் போனா போவுது மேடம். நான் பொய்யா அடிச்சேன்னு சொல்றாங்க பாருங்க, அதத் தாங்க முடியல. இந்தக் கரையில அஞ்சாறு ஊருப் பொண்ணுங்களுக்கு என் கையாலதான் ஜாதகம் அடிச்சேன். இப்பவே ரெண்டு வூட்ல மாமியாருங்க கேக்க ஆரம்பிச்சுட்டாங்களாம், எங்க மருமவளுது நெசந்தானான்னு."

சாமிக்கண்ணு எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன். அப்போது நோட்டை எடுத்து அந்த ஊர்களின் பெயர்களை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டான்.

இப்போது மையத்தின் உரிமையாளர் நடனசபாபதி அவர்களை வரவேற்றார். விசிட்டிங் கார்டில் ‘கணினி ஜோதிடச் செம்மல்’. கணினியையும் தொட்டதில்லை, ஜோதிடமும் படித்ததில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுதான் அவர் தொழில். தான் யாரையும் குற்றம் சொல்கிற ஆள் இல்லை என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் அந்தப் பெண்ணைக் குற்றம் சொன்னார்.

கம்ப்யூட்டர் இன்னும் பூஜைக் கோலத்திலேயே இருந்தது. மானிட்டருக்கு மூன்று பட்டை விபூதி. கீழே சி.பி.யூ. பெட்டியில், ஆன் பண்ணுகிற பட்டனின் மேல் சந்தனம், நடுவில் குங்குமம். கீபோர்டுக்கு மட்டும் பொட்டு இல்லை. ஏன் என்று சாமிக்கண்ணு கேட்டான். போன வருஷம் வைத்த சந்தனம் உள்ளே இறங்கி ‘ச’ எழுத்து அமுங்காமல் போய்விட்டதாம். ஒரு மாதம் முழுக்கச் சனி இல்லாத ஜாதகங்களாகவே போயிற்றாம். கூட்டம் அந்த மாதம்தான் ஜாஸ்தி என்று நடனசபாபதி பெருமூச்சு விட்டார்.

"பொதங்கெழம காலையில வெச்ச பொட்டு மேடம். பூஜையில வெச்ச ஆயுதத்தத் தொடக்கூடாது, நாங்களும் தொடல. விஜயதசமிக்கும் கடை லீவு. வெள்ளிக்கெழம தொறக்கறதுக்குள்ள இந்த வெவகாரம் வந்துடுச்சு. யாராச்சும் ஆன் பண்ணியிருந்தா பொட்டு கலைஞ்சிருக்கும்ல? அப்போ அந்தப் பேப்பரு பூஜைக்கு முன்னாடி அடிச்சதுதான். பூஜைக்கு முன்னாடி இதுல கை வெச்ச ஒரே ஆளு அந்தப் பொண்ணு. பாஸ்வேர்டும் அதுக்கு மட்டுந்தான் தெரியும்."

சாமிக்கண்ணு குனிந்து பார்த்தான். சந்தனம் காய்ந்து ஓரத்தில் மெல்லிசாக வெடித்திருந்தது. வைத்தவரின் விரல் ரேகைகூட அப்படியே இருந்தது. புதன்கிழமைக்குப் பிறகு அந்தப் பட்டனை ஒரு ஈகூட அமுக்கவில்லை. கிள்ளையில் பார்த்த அந்த வீங்கிய கண் பொய் சொல்லும் என்று நம்ப அவனுக்கு மனசு வரவில்லை.

திலகவதி பேச்சை எங்கெங்கோ கொண்டுபோனாள். பாஸ்வேர்டு எதற்கு? நடனசபாபதியின் மச்சான் பிள்ளைகள் வந்து கேம் ஆடி மெஷினைக் கெடுத்ததால், ஆன் பண்ணினவுடனே கேட்கிற மாதிரி ஒரு பாஸ்வேர்டைத் தமிழ்ச்செல்வியே போட்டு வைத்தாள். அவரிடம் மூன்று தடவை சொன்னாள், மூன்று தடவையும் அவர் மறந்துவிட்டார். பூஜையன்றைக்கு யார் யார் வந்தார்கள்? பொரி கடலை வாங்க வந்த கூட்டத்தில் யாரைச் சொல்வது? மேல வீதியில் போட்டிக்கு ஜாதகக் கடை வைத்திருக்கும் ராஜ்கமல் நோட்டம் பார்க்க வந்தான். மாப்பிள்ளைத் தம்பி அரவிந்தன்கூடக் காடாம்புலியூர் முந்திரிப்பருப்பு ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்து, அவர் திங்கட்கிழமை கோயிலுக்குப் போன கதையைக் கேட்டுவிட்டுப் போனது, தங்கமான பிள்ளை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் பின்கட்டில் கொஞ்சம் கண்ணயர்ந்தார், கடை திறந்தேதான் கிடந்தது.

"அதுக்கு முன்னாடி? அந்த வாரம் வேலை எப்படி இருந்தது?"

"எங்க மேடம்! திங்கக்கெழம ஊரு பூரா கரண்ட் கட்டு. மாசத்துக்கு ஒருக்கா பராமரிப்புன்னு காலையில புடுங்குவான், சாயங்காலந்தான் குடுப்பான். நான் வைத்தீஸ்வரன் கோயிலுக்குக் கெளம்பிட்டேன். பாவம், அந்தப் பொண்ணுதான் தனியா ஒக்காந்து ஜாதகப் பேப்பரால விசிறிக்கினு இருந்துச்சு. யு.பி.எஸ். இருக்குது, ஆனா அதுல பேட்டரி செத்துப்போயி இப்ப கூவுறது மட்டுந்தான் பாக்கி."

திலகவதி தலையாட்டினாள். பிறகு ரொம்பச் சாதாரணமாக, நல்ல காபி எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். தானே வாங்கி வருவதாகச் சொல்லி நடனசபாபதி தூக்குச் சட்டியோடு கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் அவள் துணிப்பையிலிருந்து அந்த மொட்டைக் கவர் தாளை எடுத்து, அடிப்பகுதியைச் சாமிக்கண்ணுவிடம் காட்டினாள். எறும்பு சைஸ் எழுத்தில் அச்சான தேதியும் நேரமும் இருந்தன. திங்கட்கிழமை, பகல் பதினொன்றே கால்.

சாமிக்கண்ணு வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தான். "மேடம், அன்னிக்குத்தான் ஊரே இருட்டுல கெடந்துச்சே. கம்ப்யூட்டரு மண்ணெண்ணெய்ல ஓடுச்சா?"

"ஓடல. யாரோ கடிகாரத்தைத் திங்கக்கிழமைக்குத் திருப்பி வெச்சு அடிச்சிருக்காங்க. முதலாளி ஊர்ல இல்ல, பொண்ணு தனியா இருக்கும், பழி அது மேல விழும்னு பார்த்துப் பொறுக்கின நாள். ஆனா கரண்ட் கட் தெரியல. சிதம்பரத்துல இருக்கறவன் எவனும் அன்னிக்குப் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டான்."

"அப்போ ராஜ்கமல் இல்லியா? போட்டிக் கடைக்காரன், நோட்டம் வேற பாத்தான். நான் காலையிலேருந்து அவனத்தான் மனசுல போட்டு அடிச்சுக்கிட்டு இருக்கேன்."

"எறக்கி விட்டுடு. மேல வீதியிலயும் அன்னிக்குக் கரண்ட் இல்ல."

அவள் கீழே உட்கார்ந்து, சந்தனப் பொட்டைப் பற்றிக் கவலைப்படாமல் பட்டனை அமுக்கினாள். சந்தனம் பொடியாக உதிர்ந்தது. கம்ப்யூட்டர் வரவில்லை. கரண்ட் இருந்தது, ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மறுபடி அமுக்கினாள். பெட்டி அசையவில்லை. ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள்.

உள்ளே ஊர்ப் புழுதி முழுக்க இருந்தது. நடுவில் பச்சையாக ஒரு பலகை, அதுதான் மதர்போர்டு. ஒயர்களும் பட்டை கேபிள்களும் அதன் மேல் இடியாப்பமாகக் கிடந்தன. அண்ணாமலை நகர் மாணவர் லாட்ஜுகளில் ராத்திரியோடு ராத்திரியாக ரேம் காணாமல் போகிறது என்று ஒரு கேஸ் போன வருஷம் வந்தது. அதற்காக ஒரு மாதம் இந்தப் பெட்டிகளின் வயிற்றுக்குள்ளேயே குடியிருந்தவள் திலகவதி. சாமிக்கண்ணு அந்த மாதம் முழுக்க லாட்ஜ் மெஸ்ஸில் குடியிருந்தான்.

"இது மெயின் பவர் கனெக்டர். ரெண்டு வரிசை ஓட்டை, பக்கத்துல கொக்கி. திருப்பிப் போட்டா உள்ள போகவே போகாது," என்று அவள் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். "இந்தப் பட்டை கேபிள் ஹார்ட் டிஸ்க்குக்கு. ஓரத்துல செவப்புக் கோடு, நடுவுல ஒரு ஓட்டைய அடைச்சே வெச்சிருப்பான். இதையும் தப்பா சொருக முடியாது. இதெல்லாம் பிடிவாதக்கார கூட்டம். இப்ப இந்த மூலையைப் பாரு."

மூலையில் பொடிப்பொடியாக ஊசிகள் இரண்டு வரிசையில் நட்டுக்கொண்டு நின்றன. பெட்டியின் முன்பக்கத்துப் பட்டன்களிலிருந்தும் விளக்குகளிலிருந்தும் வரும் ஒயர்கள் அங்கேதான் முடிந்தன. ஒவ்வொரு ஒயர் நுனியிலும் கடுகளவு பிளக்.

"இங்கதான் எல்லாத் தப்பும் நடக்கும். ரெண்டு ஊசி, ரெண்டு ஓட்டை. எந்த பிளக்கை எங்க சொருகினாலும் கச்சிதமா உக்காந்துடும். போர்டு வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாது."

"ரொம்ப அனுசரிச்சுப் போற எடம் மேடம். சம்பந்தம் பண்ணலாம்."

"பண்ணித்தான் வெச்சிருக்காங்க. படி."

சாமிக்கண்ணு கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தான். போர்டில் ‘பவர்’ என்று அச்சிட்டிருந்த இரண்டு ஊசிகளின் மேல் உட்கார்ந்திருந்த பிளக்கில் ‘ரீசெட்’ என்று இருந்தது. ‘பவர்’ என்று எழுதிய பிளக் அனாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவனுக்கு மெதுவாக விளங்கியது. பெரிய பட்டனில் பொட்டு இருக்கிறது. அதைக் கலைக்கக் கூடாது. அதனால் எவனோ பக்கத்திலிருக்கும், பொட்டு வைக்க மறந்த குட்டி ரீசெட் பட்டனின் ஒயரைப் பிடுங்கி, பவர் ஊசியில் சொருகிவிட்டான். அதை அமுக்கினால் போதும், மெஷின் ஓடும். பொட்டு காய்ந்து கிடந்து, யாருமே தொடவில்லை என்று சாமி சாட்சி சொல்லும்.

"பாஸ்வேர்டு?" என்று கேட்டான்.

அவள் பட்டன் பேட்டரி ஒன்றின் பக்கத்தில் இருந்த மூன்று ஊசிகளைக் காட்டினாள். அதில் இரண்டை மூடிக்கொண்டு ஒரு குட்டிக் குல்லாய். போர்டு பூராவும் புழுதி, குல்லாய் மட்டும் துடைத்த மாதிரி இருந்தது. "ஜம்பர்னு பேரு. இதைக் கழட்டி ஒரு ஊசி தள்ளிப் போட்டு, திரும்ப எடுத்துடணும். பாஸ்வேர்டு, தேதி, நேரம் எல்லாத்தையும் மெஷின் மறந்துடும். அப்புறம் நாம சொல்றதுதான் அதுக்குத் தேதி."

"எங்க சித்தப்பாவுக்கு இதுல ஒண்ணு வாங்கணும் மேடம். குடும்பத்துல எவன் எந்தக் கல்யாணத்துல பந்தியில கடைசியா உக்கார வெச்சான்ங்கறது வரைக்கும் ஞாபகம் வெச்சிருக்காரு."

ஒயரை மறுபடி மாட்டி ரீசெட் பட்டனைத் தொட்டாள். மெஷின் உறுமிக்கொண்டு எழுந்தது. பாஸ்வேர்டு கேட்கவே இல்லை. திரையின் மூலையில் இன்றைக்கு வியாழக்கிழமை என்று காட்டியது. புதனன்று திங்களாக்கிவிட்டதால் சனிக்கிழமை வியாழனாக நிற்கிறது என்று திலகவதி சொன்னாள். வந்தவன் எல்லாவற்றையும் பழையபடி வைக்கத்தான் நினைத்திருப்பான், பின்கட்டில் நடனசபாபதி தூக்கம் கலைந்து செருமியிருப்பார், அவசரத்தில் தகட்டை மூடிவிட்டு ஓடியிருக்கிறான்.

மெஷினை அணைத்துவிட்டு அவள் பூஜைத் தட்டைக் கேட்டாள். "பொட்டைக் கலைச்சுட்டேன். திரும்ப வெச்சுடணும். சந்தனமும், குங்குமமும், விளக்குல இருக்கற எண்ணெய் கொஞ்சமும் எடு. எடுத்துக் குடுத்துட்டு, காபி வருதான்னு வாசல்ல போய்ப் பாரு."

இத்தனை வருஷத்தில் கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் மட்டுமே இருந்த பொம்பிளை திடீரென்று இப்படிப் பக்தையானதில் சாமிக்கண்ணுவுக்கு ஆச்சரியம். ஆனாலும் போனான். திரும்பி வந்தபோது தகடு மூடியிருந்தது, பட்டனில் வெறும் சந்தனத்தில் புதுப் பொட்டு பளிச்சென்று இருந்தது.

சாயங்காலம் எல்லாரும் வந்தார்கள். தைலம்மாளும் தமிழ்ச்செல்வியும் கதவோரம் நின்றார்கள். நடனசபாபதி ‘உக்காரு’ என்று சொல்லவில்லை. ராமாமிர்தம் நாற்காலி நிறைய உட்கார்ந்தார். அரவிந்தன் பக்கத்தில் நின்றான். கடலூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் பார்க்கிறவன், சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குட்டி ஸ்குரூ டிரைவர். நல்ல பையன், அப்பாவைத் தடுத்தவன் என்று சாமிக்கண்ணு அவனுக்கு ஒரு சிரிப்புக்கூடக் கொடுத்தான். கொடுத்த மாத்திரத்தில் அந்த ஸ்குரூ டிரைவர் கண்ணில் பட்டது. சிரிப்பை எப்படித் திரும்ப வாங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"என்னாம்மா, எது நெசம்? எம் உயிரு சம்பந்தப்பட்ட விஷயம்," என்றார் ராமாமிர்தம்.

இப்போதே எல்லார் எதிரிலும் கம்ப்யூட்டரில் பார்த்துவிடலாம் என்றாள் திலகவதி. நடனசபாபதி கன்னத்தில் போட்டுக்கொண்டு பட்டனை அமுக்கினார். வரவில்லை. திலகவதி தமிழ்ச்செல்வியைக் கூப்பிட்டாள். அவளும் அமுக்கினாள், வரவில்லை. ஒயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள், மறுபடி அதே பட்டனைத்தான் அமுக்கினாள். மெஷினையும் அவள்தான் கெடுத்து வைத்திருக்கிறாள் என்று நடனசபாபதி தலையில் அடித்துக்கொண்டார்.

"நம்மகிட்டயே மெக்கானிக் இருக்கும்போது என்ன கவலை?" என்று திலகவதி அரவிந்தனைப் பார்த்தாள். "கொஞ்சம் பாருங்க தம்பி."

அவன் ஒரு கணம் தயங்கினான். அப்பா முறைத்ததும் உட்கார்ந்தான். முதுகால் எல்லாரையும் மறைத்துக்கொண்டு தகட்டைக் கழற்றினான், உள்ளே கையை விட்டான், ஒரு காபி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. பட்டனை அமுக்கினான். மெஷின் ஓடியது. நடனசபாபதி கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்ன கோளாறு தம்பி?"

"ரேம் லூசா இருந்துச்சு மேடம். எடுத்து மாட்டினேன். பெருசா ஒண்ணும் இல்ல."

"அப்படியா. உங்க வலது கையைக் கொஞ்சம் காட்டுங்க."

அரவிந்தன் கையைப் பார்த்தான். எல்லாரும் பார்த்தார்கள். கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் குங்குமம் எண்ணெயோடு அப்பியிருந்தது.

திலகவதியின் குரல் உயரவே இல்லை. "ரேம் இந்தப் பக்கம் இருக்கு. பட்டன்ல வெறும் சந்தனம். குங்குமம் நான் அந்த மூலையில, ஒரே ஒரு பிளக் மேலதான் வெச்சேன். ரீசெட் பிளக்கை எவனோ பவர் ஊசியில சொருகி வெச்சிருந்தான். நேர்மையான மெக்கானிக்கா இருந்தா அதப் பார்த்ததும் என்ன பண்ணியிருப்பான்? எவன்டா இப்படி மாத்திச் சொருகினதுன்னு கத்தியிருப்பான். நீங்க சத்தம் போடாம சரி பண்ணிட்டு, ரேம்னு பொய் சொல்றீங்க. மத்தவங்க தப்புன்னா கத்தறோம், நம்ம தப்புன்னா மூடி வெக்கிறோம். முந்திரி குடுக்க வந்த அன்னிக்கு அவசரத்துல விட்டுட்டுப் போனது இதுதானே?"

அவள் மொட்டைக் கவர் தாளை எடுத்து, திங்கட்கிழமையைக் காட்டி, கரண்ட் கட்டைச் சொன்னாள். நடனசபாபதி, ‘ஆமால்ல, அன்னிக்கு ஏது கரண்ட்டு’ என்று முதல் முறையாக ஒரு சரியான விஷயத்தைச் சொன்னார். பிறந்த நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டாலே செவ்வாய் எட்டுக்கு நகர்ந்துவிடும் என்று அரவிந்தனே தலையைக் குனிந்தபடி ஒப்புக்கொண்டான். அவனோடு கடையில் வேலை பார்க்கும் ப்ரீத்தி என்ற பெண்ணைப் பிடித்திருந்தது. அதை அப்பாவிடம் சொல்ல பயம்.

"அப்பாகிட்ட வேணாம்னு சொன்னா வெட்டிப் போட்டுடுவாரு. ஜாதகம் வேணாம்னு சொன்னா கேப்பாரு. அதான்... விசாரிக்கச் சொன்னா எம்மேல சந்தேகம் வராதுன்னு நெனச்சேன். இவங்கள இப்படிப் பேசுவாங்கன்னு நான் யோசிக்கல."

தமிழ்ச்செல்வி முதல் முறையாகக் கதவோரத்தை விட்டு முன்னால் வந்தாள். சாமிக்கண்ணு அவள் அறைவாள் என்று எதிர்பார்த்தான், உள்ளூர ஆசையும் பட்டான். அவள் அரவிந்தன் முகத்தையே பார்த்தாள்.

"திங்கக்கெழம பூரா இங்கதான் வேர்த்து ஊத்த ஒக்காந்திருந்தேன். நிச்சயம் பண்ண பொண்ணாச்சேன்னு ஒரு போன் போட்டிருந்தீங்கன்னா கரண்ட் இல்லன்னு தெரிஞ்சிருக்கும். வேற நாளாப் பாத்து அடிச்சிருப்பீங்க. நானும் திருடியாவே போயிருப்பேன்."

அரவிந்தன் குங்குமக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பேண்ட்டில் துடைத்தான், பேண்ட்டும் சிவப்பானது.

ராமாமிர்தம் மகனை நாலு கெட்ட வார்த்தை திட்டினார். ஐந்தாவதுக்கு மூச்சு வாங்கும்போது அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. இரண்டாவது தாள் பொய் என்றால் முதல் தாள் நிஜம். நிஜம் என்றால் அவர் உயிருக்கு ஆபத்தில்லை. பத்திரிகை அடித்தாகிவிட்டது. முகம் அப்படியே மலர்ந்து, சிரிப்பாகிவிட்டது. இத்தனை வேகமாக ரீசெட் ஆகிற மனிதரைச் சாமிக்கண்ணு பார்த்ததில்லை.

"புள்ள ஏதோ வெளாட்டுத்தனமா பண்ணிட்டான். விடும்மா தைலம்மா. பத்துக்குப் பத்து பொருத்தம், எந்தக் குடும்பத்துல வாய்க்கும்? நான் சொன்னா அவன் கேட்டுக்குவான். குறிச்ச தேதியில கல்யாணத்த வெச்சுக்கலாம்."

நடனசபாபதி உடனே ஆமாம் போட்டார், மையத்துக்கு நல்ல பேர் என்றார். தைலம்மாள் மகளைப் பார்த்தாள்.

தமிழ்ச்செல்வி மெஷினை முறைப்படி அணைத்து, ஒயரைப் பிடுங்கினாள். திறந்து கிடந்த பெட்டியின் முன் குந்தி உட்கார்ந்து, அந்த மூலையிலிருந்து குங்குமம் அப்பிய பிளக்கைத் தேடி எடுத்தாள். பவர் பிளக்கைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த ஊசிகளின் மேல் இதை வைத்து அழுத்தினாள். உட்கார்ந்துவிட்டது.

"இங்க பாருங்க மாமா," என்றாள். "ரெண்டு ஊசி, ரெண்டு ஓட்டை. ஆட்டுனாலும் ஆடல. எவ்ளோ அழகா பொருந்துது."

ராமாமிர்தம் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

"ஆனா இதோட எடம் இது இல்ல." அவள் பிளக்கைப் பிடுங்கி அதன் இடத்தில் வைத்து, பவர் பிளக்கைப் பழையபடி மாட்டினாள். "எனக்கும் இது எடம் இல்ல மாமா. நான் பொய்யா அடிச்சேன்னு ஊரெல்லாம் சொன்னீங்கள்ல, அதே வாயால எல்லா எடத்துலயும் போய் அடிக்கலன்னு திருப்பிச் சொல்லுங்க. அது போதும்."

"நான் எப்பம்மா அப்படி..." என்று தொடங்கிய ராமாமிர்தம் நடுவில் நிறுத்திக்கொண்டார். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தைலம்மாளைப் பார்த்து, நாளைக்கே கிள்ளைக்கு வந்து சொல்வதாகச் சொன்னார். மற்ற ஊர்களுக்கும் வந்து சொல்லுங்கள் என்றாள் தைலம்மாள். சரி என்றார்.

தமிழ்ச்செல்வி தகட்டை மூடப் போனாள். ஸ்குரூ டிரைவர் இல்லை. சாமிக்கண்ணு அரவிந்தனின் கையிலிருந்ததைக் கேட்காமலேயே வாங்கிக் கொடுத்தான். அவள் ஒவ்வொரு திருகாக இறுக்கினாள். திங்கட்கிழமை வேலைக்கு வருவாய் அல்லவா என்று நடனசபாபதி கெஞ்சும் குரலில் கேட்டார்.

"வரேன் சார். மொத வேலையா வெளிய இருக்கற போர்டுல, கம்ப்யூட்டரே பொறுப்புங்கற கடைசி வரிய அழிச்சுடுங்க."